ரெஜினா அக்கா முற்றத்தில் தொங்கவிட்டவை

ரெஜினா அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்து சேர்ந்தது. காலையில் ஸ்டுடியோவைத் திறந்து விளக்கைப் போட்டபோது கைப்பேசியில் அவருடைய படம் வந்து கிடந்தது. அக்காவின் மகள் ஷீபாவின் கணவர் பிஜு அனுப்பியிருந்தார். கீழே, "மாமா, இத பெரிசாக்கி பிரேம் போடணும். வைகிட்டு எடுப்பு" என்று ஒரு வரி. வைகிட்டு என்றால் சாயங்காலம், எடுப்பு என்றால் எங்கள் பக்கத்தில் உடலை எடுப்பது. யார் இறந்தது என்று பிஜு எழுதவில்லை. ஒருவருடைய படம் மட்டும் தனியாக வந்தால் என்ன பொருள் என்று என் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும்.

படத்தை வெட்டினேன். பின்னால் இருந்த செடிகளை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் போடுகிற வெளிர்நீலத்தைப் போட்டேன். கன்னத்து மருவை அழிப்பதற்குக் கை போனது. பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கடைத்தெருக்காரர்கள் நடத்தும் நினைவுக் கூட்டத்தில் நாலு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பேச வராது. எழுதிக் கொடுத்துவிடுகிறேன், யாராவது வாசித்துக்கொள்ளுங்கள்.

அமரவிளையில் சாலையோரம் கடை வைத்திருந்த உங்களில் பலருக்கு அவரை ரீத்துக்கடை ரெஜினா என்றால்தான் தெரியும். என் ஸ்டுடியோவுக்கு அடுத்த கடை. போர்டில் ஃபேன்சி ஸ்டோர் என்று இருக்கும். உல்லன் நூல், மணி, ஜிகினா, வெல்வெட் பேப்பர், பிளாஸ்டிக் பூ, பூவேலைச் சட்டம், பொம்மை வார்க்கும் பிளாஸ்டர் மாவு என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கைவேலைக்கும் தையல் வகுப்புக்கும் வேண்டியதெல்லாம் அங்கே உண்டு. ஆனால் கடை ஓடியது ரீத்தால்தான். மலர்வளையம் என்று நோட்டீசில் அச்சடிப்போம். வாயில் வருவது ரீத்து. கம்பியை வளைத்து, வைக்கோல் சுற்றி, பூக்களைக் குத்தி, யார் வைக்கிறார்கள் என்று ரிப்பனில் எழுத்து ஒட்டித் தருவார். ஒரு வீட்டில் மரணம் என்றால் படத்துக்கு என்னிடமும் ரீத்துக்கு அவரிடமும் வருவார்கள். யாராவது வாடிய முகத்தோடு சாலையைக் கடந்து வருவதைப் பார்த்தால், "எலே ஸ்டுடியோ, ஆளு வருது. உனக்கா எனக்கா?" என்று அங்கிருந்தே கேட்பார். என்னை அவர் கடைசிவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

எங்கள் வரிசைக் கட்டடத்தை இடிக்கப்போகிறோம் என்று உரிமையாளர் சொன்னபோது நான் எதிர்ப்பக்கத்துக்கு மாறினேன். அக்கா கடையை மூடிவிட்டார். அதற்குள் பிள்ளைகள் கைவேலைச் சாமான்களைக் கைப்பேசியிலேயே வரவழைக்கத் தொடங்கியிருந்தார்கள். ரீத்து நெய்யாற்றின்கரையில் ஆயத்தமாகக் கிடைத்தது. விற்காத சரக்கு மொத்தமும் ஒரு மினி லாரியில் அவர் வீட்டுக்குப் போனது. பழைய சாமான் எடுக்கும் ஆக்கர் கடைக்காரர் மணம் பிடித்து வந்து வாசலில் நின்றார். அக்கா அவருக்கு ஒரு டம்ளர் சாயை கொடுத்துத் திருப்பி அனுப்பினார். "இவன் கொண்டுபோய் உருக்குவான். நான் உருக்கல்ல, இடம் மாத்துதேன். அம்புட்டுதான்" என்றார் என்னிடம்.

அந்த இடம் மாற்றும் வேலை முதலில் சரியாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது அவர்கள் தொட்டதெல்லாம் துலங்கியதாக எழுதுகிறார்கள். அக்கா தொட்டது பல நேரம் நாறியது. யாரும் வாங்காத கடுகு மஞ்சள் உல்லன் நூலைப் பழைய பிளாஸ்டிக் வாளிகளில் சுற்றிப் பூந்தொட்டி ஆக்கினார். முதல் மழையில் அது ஊறி, நனைந்த ஆட்டின் மணம் தெருவரை வந்தது. ஜிகினாவைச் சரமாகக் கோத்துப் பப்பாளி மரத்தில் பறவை விரட்டக் கட்டினார். அதுவரை வராத காக்கைகளும் அதைப் பார்க்க வந்தன. அவர் மனம் தளரவில்லை. நூலை அவிழ்த்து அலசிக் காயவைத்து, வீட்டுக்குள் ஜாடிகளுக்கு உறையாகப் பின்னினார். வெளியே தொட்டிகளுக்குக் கயிற்றைச் சுற்றினார். பூவேலைச் சட்டங்களில் பழைய லேஸை இழுத்துக் கட்டி, சன்னலில் கொசு வராத மறைப்பாகப் பொருத்தினார். அது மட்டும் கொள்ளாம், நன்றாக இருக்கிறது என்று ஷீபாவே சொன்னாள்.

எனக்குப் பிடித்தது பிளாஸ்டர் மூட்டைகள்தான். கடைக் கூரை ஒழுகி, அந்த மாவு மூட்டைக்குள்ளேயே கட்டியாகக் கல்லாகிப் போயிருந்தது. அக்கா சாக்கைக் கிழித்து உரித்தார். உள்ளே மூட்டை வடிவத்திலேயே ஒரு வெள்ளைக் கல். சாக்கின் இழைகளும் தையலும் அதன் மேல் அச்சாகப் பதிந்திருந்தன. மழைக்குக் கரையாமலிருக்க வெளிப்பூச்சு பெயின்ட் அடித்து, மாமரத்தடியில் உட்காருவதற்குப் போட்டார். தேய்த்து மழமழப்பாக்கலாமே என்று கேட்டேன். "அதுக்கு அது தானே ஒரு வடிவம் எடுத்து கெடக்கு. நாம எதுக்கு நடுவில போகணும்?" என்றார். உட்கார்ந்தால் வேட்டியில் அந்தச் சாக்கு அச்சு பதியும்.

இனி வளையங்களுக்கு வருகிறேன். அதைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேச்சு உண்டு, நடந்தது இதுதான். அடக்கம் முடிந்து சில நாள் ஆனதும் கல்லறையின் மேல் கிடக்கும் ரீத்துகளைச் சபையின் கோயில்குட்டி வாரி மூலையில் போட்டுத் தீ வைப்பார். மணியடிப்பது, கல்லறைத் தோட்டத்தைக் கூட்டுவது எல்லாம் அவர் வேலை. பிளாஸ்டிக் எரிந்த புகையில் இருமல் வருகிறது என்று அவர் ஒருநாள் அக்காவிடம் குறைப்பட்டுக்கொண்டார். அக்கா போய்ப் பார்த்தார். சாம்பலுக்குள் வளையம் வளையமாகக் கம்பி. பாதிக்கு மேல் அவர் கையால் வளைத்தது. தன் முறுக்கு அவருக்குத் தெரியாதா? அன்று முதல் எரிப்பதற்கு முன்னால் அக்கா போய் வளையங்களையும் கெடாத ரிப்பன்களையும் எடுத்து வந்தார். "பூவு அவியளுக்கு. கம்பி எனக்காக்கும்" என்று சொல்வார்.

அந்த வளையங்களை ஒன்றோடொன்று கட்டிச் சுவரோரம் நிறுத்தினார். சங்குப்பூக் கொடியும் பிச்சியும் ஏறின. சிலதைப் படுக்கைவாட்டில் மாமரத்தில் தொங்கவிட்டு, நடுவில் கயிறு சுற்றிய தொட்டியை வைத்தார். தொட்டிக்கு ரிப்பனால் ஒரு முடிச்சு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு ஆசாரி மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "எக்கா, செத்தவன் வந்து எனக்க ரீத்து எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவிய?" என்றார்.

"கேட்டா எடுத்துக் குடுப்பேன். செடியும் சேத்து கொண்டு போவட்டு" என்றார் அக்கா.

ஷீபா நெய்யாற்றின்கரையில் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தபோது, கூடப் படித்த சஜின் என்ற பையனை விரும்பினாள். காஞ்சிரங்குளத்துக்காரன். மலையாளம் பேசும் குடும்பம், நல்ல குடும்பம். அவன் அம்மாவும் தாய்மாமனும் பெண் பார்க்க வருகிறார்கள் என்று முடிவானது. அக்காவுக்குக் கணவர் இல்லை. ஷீபா சிறியவளாக இருந்தபோதே அவர் தவறிவிட்டார். வந்தவர்களோடு உட்கார்ந்து பேச ஆண் ஒருவர் வேண்டும் என்று என்னை வரச்சொன்னார். அன்று நல்ல புழுக்கம். வீட்டுக்குள் இருக்க முடியாமல் நாற்காலிகளை மாமரத்தடியில் போட்டோம். சஜின் ஒரு தொங்கும் தொட்டிக்கு நேர் கீழே உட்கார்ந்தான். ஷீபா உள்ளே சாயை கலக்கிக்கொண்டிருந்தாள்.

அக்கா ரிப்பன்களை எழுத்து உள்ளே போகும்படி மடித்துத்தான் கட்டுவார். பெரும்பாலானவற்றில் எழுத்தை உரித்தும்விடுவார். அந்த ஒன்றில் உரிக்க மறந்திருந்தார். காற்று வந்தது, முடிச்சு அவிழ்ந்தது, ஊதா ரிப்பன் நீளமாகச் சஜினின் தலைக்கு மேல் இறங்கி நின்றது. வெள்ளி எழுத்தில், மலையாளத்தில், "கண்ணீரோடே மருமகன்" என்று இருந்தது. தமிழில் படித்தாலும் அதே பொருள்தான். தாய்மாமன் முதலில் பார்த்தார். பிறகு சஜினின் அம்மா பார்த்தார். பிறகு நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

ரெஜினா அக்கா சிரித்துவிட்டார். சின்னச் சிரிப்பு இல்லை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்தும் நிற்காத சிரிப்பு. கண்ணில் நீர் வந்துவிட்டது. சஜினின் அம்மா எழுந்து நின்று, "ஞங்ஙளெ களியாக்குவாணோ?" என்று கேட்டார். எங்களைக் கேலி செய்கிறீர்களா என்று கேட்கிறார். அக்கா சிரிப்புக்கு நடுவே பாதி மலையாளமும் பாதி தமிழுமாக விளக்கப் பார்த்தார். "அய்யோ சேச்சி, இது பெண்ணுக்க மாப்பிள இல்ல. தங்கச்சிக்க மகனையும் நம்ம பக்கம் மருமகன்னு தானே சொல்லுவோம். மேல்வீட்டு மாமன் மரிச்சப்போ அவருக்க தங்கச்சி மகன் வச்ச ரீத்தாக்கும் இது."

அதுவரை ரிப்பனை மட்டும் பார்த்த அந்த அம்மாள், அப்போதுதான் நிமிர்ந்து மரத்தில் தொங்கிய வளையங்களைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிச்சி ஏறியிருந்த ஒவ்வொரு வட்டமும் என்னவென்று அவருக்குப் புரிந்துவிட்டது. சாயைத் தட்டோடு ஷீபா வாசலுக்கு வந்தபோது அவர்கள் காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குச் சம்மதமில்லை என்று சஜின் பிறகு ஷீபாவிடம் போனில் சொன்னதோடு அது முடிந்தது.

எங்கள் பக்கத்தில் மருமகன் என்ற ஒரு சொல் இரண்டு உறவுக்கு நிற்கிறது. அதனால் பெரிய கேடு எதுவும் வந்து நான் பார்த்ததில்லை, இந்த ஒரு முறை தவிர. ஷீபா ரிப்பனைப் பற்றிப் பேசவே இல்லை. பல நாள் கழித்து, ஏதோ விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க ஸ்டுடியோவுக்கு வந்தவள் சொன்னாள்: "ரிப்பன் காத்துக்கு அவுந்தது மாமா. அதுக்கு யாரு என்ன செய்ய? எனக்க அம்ம சிரிச்சா. எனக்க காரியம் அவளுக்கு சிரிப்பாட்டு இருந்தது." நான் விளக்கைச் சரிசெய்து, முகத்தைக் கொஞ்சம் தூக்கச் சொல்லிப் படம் எடுத்தேன். அந்தப் படத்தில் அவள் கண் சிவந்துதான் இருக்கும்.

எல்லாவற்றையும் கழற்றி எறி என்று ஷீபா அம்மாவிடம் சொன்னாள். அக்கா ரிப்பன்களை மட்டும் கழற்றினார். வளையங்கள் அப்படியே நின்றன. "ரிப்பன் எனக்க தெற்று. ஒத்துக்கிடுதேன். கம்பி என்ன தெற்று செய்தது?" என்று கேட்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தாயும் மகளும் சோறு, துணி, பஸ் நேரம் இவற்றைத் தவிர வேறொன்றும் பேசாமல் வாழ முடியும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

அந்த நாட்களில் ஒருமுறை, சாக்கு அச்சுள்ள அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது அக்காவே பேச்சை எடுத்தார். "நான் அவியளப் பாத்து சிரிக்கல்ல கேட்டியா. அவிய வாறேன்னு சொன்ன நாள்முதல் எனக்கு உறக்கம் இல்ல. ஆம்பிள இல்லாத வீடு, வித்துப்போகாத சாமானெல்லாம் தூக்கி கெட்டித்தொங்கவிட்ட வீடு, அவிய என்ன நினைப்பினுமோன்னு ஒரே பயம். பயந்தது நடந்ததும் அது சிரிப்பாட்டு வெளிய வந்துட்டு. எனக்கு நிறுத்த முடியல்ல."

"இத ஷீபாகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"அவ கேட்டாத்தானே சொல்ல" என்றார்.

உண்மையைச் சொன்னால், நான் அதை முழுக்க நம்பவில்லை. ஒரு தப்புக்கு மனிதர்கள் பிற்பாடு கண்டுபிடிக்கிற சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் சேதி கொண்டுபோவது என் வேலை இல்லை என்றும் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு ஷீபாவுக்கு ஒற்றசேகரமங்கலத்தில் பிஜுவோடு கல்யாணம் ஆனது. ரப்பர் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். முதல்முறை வந்தபோதே வளையங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, "கம்பி கொள்ளாமே, எங்க வாங்கினது?" என்று கேட்டவர். கல்லறைத் தோட்டத்திலிருந்து என்று அக்கா உள்ளதைச் சொன்னார். பிஜு தலையாட்டிவிட்டு, தன் பண்ணையில் மிளகுக்கொடிக்கு இதுபோல வேண்டும் என்றார். கல்யாணப் பந்தலின் முகப்பை அக்காதான் செய்தார். அதற்குக் கல்லறையிலிருந்து வந்த ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. பழைய கடைச் சரக்கில் பிரிக்காமல் கிடந்த உறைகளைப் பிரித்து, மணியும் லேஸும் ரிப்பனுமாகக் கட்டினார். கட்டி முடித்ததும் ஷீபா வந்து ஒவ்வொரு ரிப்பனையும் பிரட்டி இரண்டு பக்கமும் பார்த்தாள். அக்கா ஏணியைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது சிரித்துவிடுவார் என்று நான் பயந்தேன். அவர் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் நின்றதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

கல்யாணத்துக்குப் பிறகு ஷீபா ஊருக்கு வந்தால் முற்றத்து வழி வராமல் அடுக்களைப் பக்கமாக வீட்டுக்குள் போவாள். பிள்ளைகள் முற்றத்தில் விளையாடுவார்கள். அவள் உள்ளே இருப்பாள். மரியாதைக்குக் குறைவில்லை. அம்மாவுக்குத் தீனம் வந்து பாறசாலை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூடவே இருந்து பார்த்ததும் அவள்தான். அந்த ஒன்றை மட்டும் இருவரும் கடைசிவரை பேசவில்லை.

எடுப்பு நாளுக்குத் திரும்ப வருகிறேன். படம் முடிந்ததும் வீட்டு வாசலில் வைக்கும் ஃபிளெக்ஸ் போர்டு. அதற்கான வாசகம் என் கணினியில் எப்போதும் கிடக்கும். பெயரை மாற்றினால் போதும். அச்சுக்கு அனுப்புவதற்கு முன் எழுத்துப்பிழை பார்க்க வீட்டாரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுவது என் வழக்கம். ஷீபாவைக் கூப்பிட்டேன். போனுக்குப் பின்னால் பெண்கள் ஞானப்பாட்டு பாடுவது கேட்டது. எல்லோருக்கும் வாசிக்கிற மாதிரியே வாசித்தேன். "கண்ணீருடன், மகள் ஷீபா, மருமகன் பிஜு" என்று வாசிக்கும்போதுதான் என் வாயில் என்ன வருகிறது என்று எனக்கு உறைத்தது. அதற்குள் வார்த்தை வெளியே போய்விட்டது.

ஷீபா சிரித்தாள்.

அது சின்னச் சிரிப்பு இல்லை. பாட்டு நின்றது. "எந்தா பிள்ளே, என்ன ஆச்சு?" என்று யாரோ பதறிக் கேட்டார்கள். அவள் சிரிப்பும் மூச்சுமாக, "மாமா, எனக்கு நிறுத்த முடியல்ல. எல்லாரும் பாக்கினும்" என்றாள்.

"பாக்கட்டு மக்கா" என்றேன்.

சிரிப்பு மெல்ல அழுகையாக மாறி, பிறகு இரண்டும் ஓய்ந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "அம்ம அண்ணைக்கு எனக்க காரியத்த கேலியாக்கி சிரிச்சதில்ல. இப்படித்தான் வந்ததாக்கும். இல்லியா மாமா?"

"ஆமா மக்கா. பயந்துட்டு இருந்தா."

"உங்ககிட்ட சொன்னாளா?"

"சொன்னா."

"நான் கேக்கல்ல மாமா" என்றாள். பிறகு, "வரிய மாத்தாண்டாம். அப்படியே இருக்கட்டு" என்று சொல்லிப் போனை வைத்தாள். ஃபிளெக்ஸ் அப்படியேதான் அச்சானது. அன்று வந்தவர்கள் யாருக்கும் அதில் எதுவும் தெரிந்திருக்காது.

அக்காவின் வீட்டிலிருந்து நான் எதையும் கேட்டு வாங்கவில்லை. எனக்குப் படம் வேண்டாம். ஆயிரம் படம் எடுத்தவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, ஒரு நல்ல சம்பந்தத்தைக் கெடுத்தது என்று நானும் இத்தனை காலம் நினைத்திருந்த அந்தச் சிரிப்பைத்தான். அவர் அன்று சொன்னது சமாதானம் இல்லை, உள்ளது உள்ளபடி சொன்னார் என்று இப்போது நம்புகிறேன். நினைத்துப் பார்க்கையில் அந்தச் சிரிப்பு அவர் மகளின் குரலில் கேட்கிறது.